‘சரி, முடிஞ்சது’ என்ற பிறகு

வாசகர் கேள்வி – பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் 1979 முதல் ஸ்டுடியோ தொழிலில் இருக்கும் படக்காரர் இந்த மாதம் பதில் சொல்கிறார்.

கேள்வி: மூன்று வருடமாகப் படம் எடுக்கிறேன். நல்ல கேமரா, இரண்டு லென்ஸ் வைத்திருக்கிறேன். ஆனால் என் படங்களையும் நண்பன் படங்களையும் கலந்து வைத்தால் எது யாருடையது என்று எனக்கே தெரியவில்லை. ‘சொந்தப் பார்வை’ என்கிறார்களே, அது எப்படி வரும்?
– கல்லூரி மாணவர், ஈப்போ

பதில்: தம்பி, அது கடையில் கிடைத்தால் நானே இரண்டு வாங்கி அலமாரியில் வைத்திருப்பேன். எனக்கு எப்படி வந்தது என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பதினேழு வயதில் ஒரு சீனத் தவுக்கேயின் (முதலாளியின்) ஸ்டுடியோவில் சேர்ந்தேன். முதல் இரண்டு வருடம் கடையைக் கூட்டுவது, தட்டு கழுவுவது, பக்கத்து ஐஸ் கச்சாங் கடையில் ஐஸ் வாங்கி வருவது. ஐஸ் சாப்பிடுவதற்கு இல்லை. பிலிம் கழுவும் மருந்தை 20 டிகிரியில் வைத்திருக்க வேண்டும், நம்மூர்க் குழாய்த் தண்ணீரில் அது நடக்காது. மருந்து ஜாடியை ஐஸ் தண்ணீரில் உட்கார வைத்து, தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டே நிற்பேன்.

அந்தக் கடைக்குச் சோறு போட்டது கல்யாணம் இல்லை, ஐசி படம், அதாவது அடையாள அட்டைப் படம். அடையாள அட்டைக்கும் எங்கள் ஊருக்கும் பழைய பந்தம் உண்டு. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட்டைச் சுற்றியிருந்த தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொட்டு அவசரகாலம் வந்தது. அவசரகாலத்தோடு, படம் ஒட்டி கைரேகை வைத்த அட்டையும் வந்தது. கேமராவையே பார்த்திராத ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளிகள் பலருக்கு, வாழ்க்கையில் முதல் படமே அரசாங்கத்துக்காக எடுத்த படமாகிவிட்டது. அந்தப் படத்துக்கென்று ஒரு முகம் உண்டு. மூச்சைப் பிடித்து, தாடையை இறுக்கி, ஏதோ தப்புச் செய்து மாட்டிக்கொண்டவர் மாதிரி ஒரு முகம். என் தாத்தாவின் ஐசியிலும் அதே முகம்தான். அவர் இறந்தபோது பெரிதாக்கி மாலை போட்டதும் அந்தப் படத்துக்குத்தான். வீட்டில் அவருக்கு வேறு படம் கிடையாது.

1986-இல் ஒரு சம்பள ஞாயிறு. தோட்டத்து லாரியில் வந்து இறங்கியவர்கள் கடை அஞ்சடியில் (கடை முன் நடைபாதையில்) வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கேமரா யாஷிகாமேட், ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படம். பதினொன்றாவதாக, ஐசியைத் தொலைத்துவிட்ட ஒரு பாட்டி. எடுத்துவிட்டு, “சரி, முடிஞ்சது பாட்டி” என்றேன். அந்தக் கேமராவில் மேலிருந்து குனிந்துதான் பார்க்க வேண்டும், கும்பிடுகிற மாதிரி. நான் இன்னும் நிமிரவில்லை. பிடித்து வைத்திருந்த மூச்சைப் பாட்டி விடுவது கண்ணாடியில் தெரிந்தது. தோள் இறங்கியது. திரைச்சீலைப் பக்கம் திரும்பி, அங்கே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பேத்தியைப் பார்த்தார். என் விரல் தானாக அமுக்கிவிட்டது.

மறுநாள் தவுக்கே நெகடிவைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “இதுக்கு யார் காசு கொடுப்பா?” என்று கேட்டார். யாருமில்லை. சம்பளத்தில் நாற்பது காசு பிடித்துக்கொண்டார். அப்போது வயிறு எரிந்தது. இன்றைக்கு யோசித்தால், எனக்குப் படம் சொல்லிக் கொடுத்ததே அந்த நாற்பது காசுதான் என்று தோன்றுகிறது. அதிலிருந்து இரண்டாவது படம் எடுத்தால் என் கைக்காசு. அதனால் எல்லோருக்கும் எடுக்க முடியாது, மாதத்துக்கு மூன்றோ நான்கோ. யாருக்கு எடுப்பது என்று யோசிக்க நேரமும் இருக்காது, விரல்தான் முடிவு செய்யும். ஏன் அந்த ஆளுக்கு அமுக்கியது, இந்த ஆளுக்கு அமுக்கவில்லை என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

தெரிந்தது எட்டு வருடம் கழித்து. 1994, சீனப் புத்தாண்டு வாரம், கடைத்தெரு முழுக்க அடைத்துக் கிடந்தது. அதுவரை சேர்ந்திருந்த முந்நூறு சின்னப் படங்களையும் தரையில் நாளிதழ் விரித்துப் பரப்பினேன். சிரிப்பைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று அன்றுவரை நினைத்திருந்தேன். எண்ணிப் பார்த்தால் சிரித்தவர்கள் நாற்பது பேர்கூட இல்லை. ஆனால் ஏறக்குறைய எல்லோரும் ஒரு காரியம் செய்திருந்தார்கள். கூட வந்தவரைப் பார்த்திருந்தார்கள். படத்துக்கு வெளியே நிற்கும் மனைவியை, மகனை, பக்கத்து வீட்டு அக்காவை. “எப்படி, சரியா இருந்தேனா?” என்று கேட்கிற பார்வை.

அப்புறம் வேலை மாறிவிட்டது. கூட வருகிறவர் நிற்பதற்கு ஜன்னல் பக்கம் ஓர் இடம் ஒதுக்கினேன். உட்கார்ந்திருப்பவர் அவரைப் பார்க்கத் திரும்பினால் ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழும். நாற்காலியையும் அதற்கேற்றபடி அரைச்சாண் நகர்த்தினேன். வாடிக்கையாளருக்கு இதெல்லாம் தெரியாது.

ஆகவே தம்பி, உங்கள் மூன்று வருடப் படங்களில் நூற்றை அச்சடியுங்கள். சின்ன அளவு, மலிவுத் தாள் போதும். திரையில் தள்ளித் தள்ளிப் பார்த்தால் இது தெரியாது, ஒரே சமயத்தில் கண்ணில் படவேண்டும். அதிகமாக லைக் வாங்கிய படங்களை முதலில் பொறுக்கி எடுத்துவிடுங்கள், அவை ஊராருக்குப் பிடித்தவை. மிச்சத்தை ஒரு வாரம் தரையிலேயே விடுங்கள். கூட்டும்போது அம்மா திட்டுவார், திட்டட்டும். நீங்கள் நினைக்காமலேயே திரும்பத் திரும்ப எடுத்த ஏதோ ஒன்று அதில் இருக்கும். அது அழகாக இருக்கவேண்டும் என்று அவசியமில்லை. ஒருவேளை எல்லாப் படத்திலும் ஆட்கள் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கலாம். அப்படியென்றால் அடுத்த ஒரு வருடம் முதுகையே தேடிப் போங்கள்.

கேள்வி: லென்ஸில் 35 மி.மீ. நல்லதா, 50 மி.மீ. நல்லதா?
– வாசகர், கிள்ளான்

பதில்: பையில் எது இருக்கிறதோ அது. பிரெஞ்சுப் படக்காரர் கார்ட்டியே-ப்ரெஸோன் வாழ்நாளில் பெரும்பகுதி 50-ஐ வைத்தே ஓட்டினார். ஒரு வருடத்துக்கு ஒன்றை மட்டும் மாட்டிக்கொண்டு, மற்றதை மனைவியிடம் கொடுத்துப் பூட்டி வைக்கச் சொல்லுங்கள். லென்ஸ் பற்றி எனக்கு வரும் கடிதங்களை எடைக்குப் போட்டாலே ஒரு லென்ஸ் வாங்கலாம்.

கேள்வி: தமிழ்ப்பள்ளி ஆசிரியை நான். இரண்டு பிள்ளைகள். கல்யாணத்துக்கு முன்னால் கேமரா ஆசை இருந்தது, இப்போது கையில் கைப்பேசி மட்டும்தான். வெளியூர் போய்ப் படம் எடுக்க நேரமே இல்லை. இனிமேல் இது எனக்குச் சரிப்பட்டு வருமா?
– வாசகி, தாப்பா

பதில்: டீச்சர், வெளியூரை விடுங்கள். பிராக் நகரத்தில் யோசெஃப் சுடெக் என்று ஒரு படக்காரர் இருந்தார். முதல் உலகப் போரில் வலது கை போய்விட்டது. 1940-இல், ஊரை ஜெர்மன் படை பிடித்து வைத்திருந்த நேரத்தில், தன் ஸ்டுடியோ ஜன்னலைப் படம் எடுக்கத் தொடங்கினார். பத்து வருடத்துக்கும் மேல் அதையே எடுத்தார். கண்ணாடியில் நீர்த்துளி, வெளியே முற்றத்தில் ஒரு கோணல் மரம், ஜன்னல் விளிம்பில் ஏதாவது ஒரு பொருள். உலகம் அவரை நினைவில் வைத்திருப்பதற்கு அந்த ஜன்னலும் ஒரு காரணம்.

உங்களிடம் அவரிடம் இல்லாத ஒன்று இருக்கிறது. வெளிநாட்டுப் புத்தகங்கள் காலையிலும் மாலையிலும் ஒரு மணிநேரம் பொன் வெளிச்சம் என்று எழுதும். நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் சூரியன் சாய்ந்து சாய்ந்து வருவதில்லை, நேராக ஏறிவிடும். நல்ல வெளிச்சம் சீக்கிரம் முடிந்துவிடும். ஆனால் நம்மூரில் விடிவதே ஏழு மணியை ஒட்டித்தான். அதாவது நீங்கள் பிள்ளைக்குத் தலை வாரி, சப்பாத்து தேடி, பசியாறக் கொடுத்து, “பஸ் வந்துடும்” என்று கத்துகிற அதே இருபது நிமிடம்தான் நாளிலேயே நல்ல வெளிச்சம். அது உங்கள் வாசல் வழியாகத் தினமும் வீட்டுக்குள் வருகிறது. ஒரு வாசல், ஒரு நாளைக்கு ஒரே ஒரு படம், பள்ளி நாட்களில் மட்டும். சனி ஞாயிறு தூங்குங்கள். மாதக் கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அச்சடித்து, பின்பக்கம் தேதி போடுங்கள்.

எனக்கு வேண்டியதும் நேரம்தான். ஸ்டுடியோவைச் சொந்தமாக எடுத்து நடத்திய முதல் வருடங்களில், கடை திறக்கும் முன் அரைமணி நேரத்தைத் தவிர எனக்கென்று ஒன்றும் இருக்கவில்லை.

கேள்வி: எங்கள் தோட்டத்தை விற்றுவிட்டார்கள். லயன்வீடுகளை இடிப்பதற்குள் எல்லாவற்றையும் எடுத்துவிடத் துடிக்கிறேன். பெரியவர்கள், “எங்களை எடுத்து என்ன பண்ணப்போறே?” என்று கேட்கிறார்கள். பதில் சொல்லத் தெரியவில்லை.
– இளைஞர், கூலிம்

பதில்: அவர்கள் கேட்பது நியாயம். பல வருடங்களுக்கு முன் எங்கள் சின்னம்மா பால் வெட்டும்போது வெளியூர் ஆள் ஒருவர் படம் எடுத்துக்கொண்டு போனார். போட்டியில் பரிசும் கிடைத்தது. கீழே ‘வறுமை’ என்று தலைப்பு. சின்னம்மா கிழிந்த சட்டை போட்டிருந்தார், உண்மைதான். கித்தா (ரப்பர்) பால் துணியில் பட்டால் கறை போகாது. அதனால் பால் வெட்டப் போகிற யாரும் நல்ல சட்டை போடமாட்டார்கள். அதே சின்னம்மா வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாரியம்மன் கோவிலுக்குக் கிளம்பினால் பார்க்கவேண்டும்! அந்த ஆள் வெள்ளிக்கிழமைவரை இருக்கவில்லை. படம் நல்ல படம்தான், அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

நீங்கள் அங்கேயே பிறந்தவர், வெள்ளிக்கிழமைவரை இருக்க முடியும். அதுதான் உங்கள் கையில் இருக்கும் சரக்கு. முதலில் கேமரா இல்லாமல் போய், அவர்கள் வீட்டில் ஏற்கெனவே இருக்கும் படங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். யார், எந்த வருடம், எந்தப் பிரட்டில் (வேலைக்குழுவில்) வேலை என்று விசாரித்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அவர்களுக்கு எப்படிப் படம் வேண்டுமோ அப்படி எடுத்துக் கொடுங்கள். பட்டுச்சேலை கட்டி, சாமி மேடை முன்னால் என்றால் அப்படியே. அச்சடித்துக் கையில் கொடுத்த பிறகுதான் உங்களுக்கு வேண்டிய படத்தைக் கேட்கவேண்டும். மின்னஞ்சலில் அனுப்புகிறேன் என்று பாட்டியிடம் சொல்லாதீர்கள்.

1960-இல் மார்க் கரோங்ஜே என்ற பிரெஞ்சுப் படைவீரருக்கு அல்ஜீரியக் கிராமப் பெண்களை அடையாள அட்டைக்காகப் படம் எடுக்கும் வேலை கொடுத்தார்கள். முக்காட்டை விலக்கச் சொல்லி ஏறக்குறைய 2,000 பெண்களை எடுத்தார். அந்தப் பெண்கள் கேமராவை முறைத்த முறைப்பு இன்றும் அந்தப் படங்களில் இருக்கிறது. ஐசி படம் எடுத்தே பிழைத்தவன் என்பதால் முதல்முறை அவற்றைப் பார்த்தபோது எனக்கு வியர்த்துவிட்டது. விருப்பமில்லாதவரை உட்கார வைத்தால் கேமரா அதையும் சேர்த்துத்தான் பதிவு செய்யும்.

மரங்களையும் மறக்காதீர்கள். பிப்ரவரி, மார்ச் மாதம் கித்தா இலை உதிர்க்கும்போது மட்டும்தான் அடிமரம்வரை வெளிச்சம் இறங்கும், பழைய வெட்டுத் தழும்பெல்லாம் தெளிவாகத் தெரியும். அதுவரை மரம் நிற்குமா என்று முதலில் விசாரியுங்கள். செம்பனை (எண்ணெய்ப்பனை) வைத்துவிட்டால் அப்புறம் வருடம் முழுக்கக் கீழே இருட்டுதான்.

கேள்வி: அப்பா விட்டுப்போன நெகடிவ் ஒரு மைலோ டின் நிறைய இருக்கிறது. சிலதில் பூஞ்சை. என்ன செய்யலாம்?
– வாசகி, பாகான் செராய்

பதில்: முதலில் மூக்கை வையுங்கள். புளிக்காடி வாசம் அடிப்பவை அழியத் தொடங்கியவை. அவற்றைத் தனியாக எடுத்துவிட்டு, முதலில் நகல் எடுங்கள். மற்றவற்றைத் தாள் உறையில் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். டின் வேண்டாம். பூஞ்சையை ஈரத்துணியால் துடைக்காதீர்கள், படமே வழித்துக்கொண்டு வந்துவிடும். வெள்ளையாக ஒளிரும் திரைமேல், கொஞ்சம் உயர்த்தி நெகடிவை வைத்து, கைப்பேசியாலேயே எடுத்தால்கூட ஒன்றுமில்லாததற்கு மேல்.

தேதி தெரியாவிட்டால் பின்னணித் துணியைப் பாருங்கள். மாலி நாட்டில் 1948-இல் ஸ்டுடியோ திறந்த செய்டு கெய்டா, தன் படுக்கை விரிப்பைத்தான் முதலில் பின்னணியாகத் தொங்கவிட்டார். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை துணியை மாற்றுவார். பிற்காலத்தில் அந்தத் துணியை வைத்தே அவர் படங்களுக்கு வருடம் சொன்னார்கள். உங்கள் அப்பா படங்களிலும் அந்தத் திரையோ, பூஜாடியோ, நாற்காலியோ காட்டிக் கொடுக்கும். முகங்களுக்குப் பெயர் தெரிந்த பெரியவர் யாராவது இருந்தால் இந்த வாரமே போய்ப் பாருங்கள்.

கேள்வி: கல்யாணம், மஞ்சள் நீராட்டு, பிறந்தநாள் என்று ஓடிக்கொண்டிருக்கிறேன். வருமானம் பரவாயில்லை. ஆனால் எனக்குள் இருக்கும் கலைஞன் செத்துக்கொண்டிருக்கிறானோ என்று பயமாக இருக்கிறது.
– படப்பிடிப்பாளர், சுங்கை பட்டாணி

பதில்: கலைஞனுக்கும் மாதா மாதம் கார் தவணை உண்டு, பயப்படாதீர்கள். ஜெர்மனியில் அவுகஸ்ட் சாண்டர் ஊர் ஊராகப் போய் விவசாயிகளுக்குக் குடும்பப் படம் எடுத்துப் பிழைத்தவர். அந்த வேலையிலிருந்துதான், ஒரு நாட்டின் எல்லாத் தரப்பு மனிதர்களையும் வரிசையாகப் பதிவு செய்யும் எண்ணம் அவருக்கு வந்தது. 1929-இல் அதிலிருந்து 60 படங்களைப் புத்தகமாகப் போட்டார். நாஜிகள் 1936-இல் அச்சுத் தகடுகளை அழித்தும் அவர் நிறுத்தவில்லை. கூலிக்கு எடுத்த படத்தையும் தனக்காக எடுத்த படத்தையும் அவர் இரண்டு கேமராவில் எடுக்கவில்லை.

கல்யாணத்தில் நீங்கள் நாளெல்லாம் நிற்கிறீர்கள். தாலி கட்டும் நேரத்தில் மண்டபத்துச் சமையல்கட்டில் என்ன நடக்கிறது? வாடகை நாற்காலிகளை அடுக்கும் பையன்கள் எங்கே தூங்குகிறார்கள்? ஒரு கல்யாணத்துக்கு ஐந்து படம் உங்களுக்காக எடுங்கள். மாப்பிள்ளை வீட்டார் தேடாத நேரமாகப் பார்த்து.

கேள்வி: ஐயா, உங்கள் கடையில் ஐசி படம் எடுத்தவன் நான். நீங்கள் ‘முடிஞ்சது’ என்ற பிறகும் ஒரு கிளிக் சத்தம் கேட்டது. அந்தப் படம் எங்கே?
– பழைய வாடிக்கையாளர், கோலகங்சார்

பதில்: மாட்டிக்கொண்டேன். கூலிம் தம்பிக்கு மேலே அவ்வளவு புத்தி சொன்னவன், முதல் எட்டு வருடம் யாரிடமும் கேட்காமல்தான் எடுத்தேன். தப்புத்தான். 1994-க்கு அப்புறம் கேட்க ஆரம்பித்தேன். முன்கூட்டிக் கேட்டால் மறுபடி மூச்சைப் பிடிக்கிறார்கள், அதனால் எடுத்த பிறகு கேட்பேன். வேண்டாம் என்றால் அவர்கள் முன்னாலேயே நெகடிவை வெட்டிப் போடுவதாகச் சொல்வேன். நாலைந்து பேர் வேண்டாம் என்றார்கள், வெட்டினேன்.

2001-இல் மைகாட் என்ற புது அடையாள அட்டை வந்தது. பதிவு அலுவலகத்திலேயே படம் எடுத்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். எங்கள் கடையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் கரைந்துபோனது. அதோடு இரண்டாவது படமும் நின்றது. ஏறக்குறைய எழுநூறு இருக்கிறது, மூன்று டப்பா. கண்காட்சி வைக்கலாம் என்று இரண்டு பேர் கேட்டார்கள். இன்னும் மனசு வரவில்லை. ஆள் வந்து கேட்டால் அவருடையதை மட்டும் எடுத்துக் கொடுக்கிறேன். உங்களுடையதும் இருக்கும், எந்த வருடம் என்று எழுதுங்கள்.

போன தீபாவளிக்கு முன்னால் ஓர் அம்மா மகனோடு வந்தார். கணவர் இறந்து பத்து நாள். ஐசி படத்தைப் பெரிதாக்கி, சட்டைக்கு மேல் கோட்டு போட்டுத் தரவேண்டும் என்றார்கள். பெயரைக் கேட்டதும் எனக்கு ஞாபகம் வந்தது. டப்பாவைத் தேடி, அவருடைய இரண்டாவது படத்தையும் மேசைமேல் வைத்தேன். கழுத்தைத் திருப்பி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகன், “அப்பா எதையோ பார்த்துக்கிட்டு இருக்காரு, இது வேண்டாம், ஐசி படமே இருக்கட்டும்” என்றான். அந்த அம்மா ரொம்ப நேரம் பார்த்தார். “அங்கேதான் நான் நின்னேன். சட்டைக் காலர் மடிஞ்சிருக்குன்னு சொல்லிக்கிட்டு இருந்தேன்” என்றார்.

சுவருக்கு ஐசி படத்தையே கோட்டு போட்டுக் கொடுத்தேன். மற்றதை அந்த அம்மா கைப்பையில் வைத்துக்கொண்டு, அதற்கு எவ்வளவு என்று கேட்டார். அதற்குக் காசு ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது என்றேன்.